தலை தட்டாத கிண்ணம்

ஒரு தாயைப் பொய்க்காரி என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அவள் பொய் சொல்லவில்லை. அது எனக்கு மூன்றே வாரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பதினெட்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் உணவியல் பாடம் நடத்தியவன். வீடு ஸ்ரீரங்கத்தில். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருஷங்கள், புத்தூரில் ஒரு குழந்தை மருத்துவருடன் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்தேன். பிறவியிலேயே சில குழந்தைகளின் உடலுக்குப் புரதத்தில் இருக்கும் பினைல்அலனின் என்ற ஒரு சத்தைச் செரித்து மாற்றத் தெரியாது. அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். மூளையைக் கெடுக்கும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் இதை அதிகம் பார்க்கலாம். மருந்து என்று பெரிதாக எதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை. சாப்பாடுதான் வைத்தியம். பால், பருப்பு, முட்டை, கடலை எதுவும் கூடாது. அந்தச் சத்து மட்டும் நீக்கிய ஒரு வெள்ளைப் பவுடரைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஜவ்வரிசி, மரவள்ளிக்கிழங்கு கொடுக்கலாம். அரிசியை மட்டும் அளந்து கொடுக்க வேண்டும். குறைந்தால் குழந்தை வளராது. கூடினால் மூளை போகும்.

நம் வீட்டுச் சமையலை வைத்தே இந்தக் குழந்தைகளை வளர்க்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. பவுடர் வெளிநாட்டிலிருந்து மருத்துவரின் நண்பர் ஒருவர் மூலம் வந்தது. ஐந்து குழந்தைகளுக்குத்தான் போதும். ஆறாவதாக ஒரு குழந்தை காத்திருந்தது.

கிராமத்து வீட்டில் தராசுக்கு எங்கே போவார்கள்? அதனால் பெரிய கடைவீதியில் ஒரே அளவில் ஆறு எவர்சில்வர் கிண்ணங்கள் வாங்கினேன். சின்னவை, வாய் அகன்றவை. அரிசியைப் போட்டு விரலால் வழித்துவிட்டு எடை பார்த்தேன். சரியாக ஐம்பது கிராம். ‘நாளுக்கு ஒரு கிண்ணம் அரிசி’ என்று எழுதி ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு கொடுத்தேன், ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். வழித்து அளக்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை.

அந்தத் தாய் துறையூருக்கு அப்பால் ஒரு கிராமம். சோளமும் வெங்காயமும் போடுகிற குடும்பம். அத்தை மகனையே கட்டியிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெண் குழந்தை, எங்களிடம் வந்தபோது ஒன்றரை வயது. முடி செம்பட்டையாக, சோளக்கதிர் நார் மாதிரி இருந்தது. அந்த நோயில் அப்படித்தான் இருக்கும். பவுடர் ஆரம்பித்து நாலைந்து மாதத்தில் முடி கறுத்தது. குழந்தை நடந்தது. ‘அம்மா’ என்றது, ‘காக்கா’ என்றது.

“சார், முடியப் பாருங்க சார். எங்க தெருவுல எல்லாரும் கேக்குறாங்க, என்ன எண்ணெய் தடவுறேன்னு” என்று சொல்லிச் சிரித்தாள்.

மாதம் ஒரு சனிக்கிழமை ஐந்து குடும்பமும் வரும். குழந்தையின் விரலில் குத்தி ஓர் அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்துப் பெங்களூருக்கு அனுப்புவோம். தாய்மார்கள் தினமும் கொடுத்ததை நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். மற்ற நால்வரும் டவுன்காரர்கள், ஒருத்தி காட்டூரில் டீச்சர். அவர்களுடைய நோட்டுகளில் பாதி நாள் காலியாக இருக்கும். இவளுடையது மட்டும் ஒரு நாள் விடாமல் இருக்கும். ஒரு பக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ‘பக்கத்து வீட்டுப் பையன் கடலைமுட்டாயி குடுத்துட்டான். ரெண்டு தடவ நக்கிட்டா. புடுங்கிட்டேன். ரொம்ப அழுதா.’ இப்படி எழுதுகிறவள் பொய் எழுதுவாளா என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

முதலில் நன்றாக இறங்கிய ரத்த அளவு, குழந்தை மீதம் வைக்காமல் சாப்பிட ஆரம்பித்ததும் ஏறத் தொடங்கியது. மாதா மாதம் ஏறியது. நோட்டில் ஒரு கிண்ணம் அரிசிதான் இருந்தது. இரண்டும் ஒத்துவரவில்லை. குழந்தைக்கு மூன்று வயது முடிந்த சமயத்தில் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே அவளைக் கூப்பிட்டேன். அன்று அவளுடைய கணவனும் வந்திருந்தான்.

“என்னம்மா குடுக்குற இதுக்கு?”

“நோட்டுல இருக்கறதுதான் சார்.”

“நோட்டு பொய் சொல்லும். ரத்தம் பொய் சொல்லாது.”

“சத்தியமா சார், ஒரு கிண்ணம்தான். அத்தை கையில கூட நான் குடுக்கறதில்ல. நானே அளந்து நானே ஊட்டுறேன்.”

“ஒளிச்சு வெச்சு ஊட்டிட்டு இங்க வந்து சத்தியம் பண்ற. பெத்த புள்ளைக்கு விஷம் வெக்கற பொய்க்காரி நீ.”

அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். டீச்சர் குனிந்துகொண்டாள். கணவன் எழுந்து நின்றான். “எங்கம்மா அப்பவே சொல்லுச்சு. இவ அடுப்படில கதவச் சாத்திக்கிட்டு என்னமோ பண்றான்னு” என்றான். அவள் அழவில்லை. நோட்டைத் திறந்து என் பக்கம் நீட்டியபடியே நின்றாள். நான் அதை வாங்கி மேஜையில் போட்டேன்.

மருத்துவர் என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்தார். இந்தக் குடும்பம் ஒத்துழைக்காது என்றேன். அவளுடைய பவுடர் டின்கள் ஆறாவது குழந்தைக்குப் போயின.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், வீட்டில் பெருமாளுக்குத் தளிகை பண்ண என் மனைவி அரிசி அளந்துகொண்டிருந்தாள். கையால் அள்ளி அள்ளிப் போட்டாள். படி நிறைந்து, மேலே கூம்பாக நின்று, ஓரத்தில் வழிந்தது.

“வழிச்சு அளக்கக் கூடாதா? கீழ கொட்றதே” என்றேன்.

“நன்னாருக்கே! பெருமாளுக்கும் குழந்தேளுக்கும் யாராவது தலை தட்டி அளப்பாளோ? தரித்திரம்” என்றாள்.

அங்கேயே நின்றேன். அன்று கல்லூரிக்குப் போனதும் என்னிடமிருந்த ஒரு கிண்ணத்தில் அரிசியைக் குவித்து எடை பார்த்தேன். வாய் அகன்ற கிண்ணம் அல்லவா, நிறையவே ஏந்திக்கொண்டது. முள் எழுபதைத் தாண்டியது. திரும்பத் திரும்ப நாலு தடவை பார்த்தேன். டவுன் தாய்மார்கள் பால்மாவு டின்னில் கரண்டியை வழித்துப் பழகியவர்கள். அவர்கள் வழித்தார்கள். இவள் குழந்தைக்கு அளக்கிற மாதிரி அளந்தாள். எழுதியது முழுக்க உண்மை. தப்பு என் காகிதத்தில் இருந்தது.

ஏன் சொல்லவில்லை? அந்த டின் இன்னொரு குழந்தைக்குப் போய்விட்டது, அதை எப்படிப் பிடுங்குவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுக்கப் பொய்யுமில்லை. ஆனால் நிஜக் காரணம் அதுவல்ல. கட்டுரை தயாராகிக்கொண்டிருந்தது. கிண்ணம் என்னுடைய யோசனை, அதைப் பற்றித்தான் எல்லாரும் பாராட்டினார்கள். கிராமத்துப் பெண்ணிடம் போய் நான்தான் தவறு செய்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டுரையில் அவளுக்கு ஒரே ஒரு வரி கிடைத்தது: ஒத்துழையாமையால் ஒரு குடும்பம் விலக்கப்பட்டது.

போன வருஷம் என் மனைவி இறந்துபோனாள். இப்போது நானே சமைக்கிறேன். தினமும் அரிசி அளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு அவளுடைய நோட்டையும் என்னிடமிருந்த கிண்ணத்தையும் ஒரு சின்னத் தராசையும் பையில் போட்டுக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன். நோட்டின் முதல் பக்கத்தில் ஊர் பெயர் இருந்தது. அங்கே விசாரித்ததும் ஒரு பெண் வழி காட்டினாள். “அந்தச் செம்பட்டப் புள்ள வீடா? கோயிலுக்குப் பின்னால. திருட்டுச் சோறு போட்டவ வீடுன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், அடையாளம் சொல்வது மாதிரி.

கணவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அதே ஊரிலிருந்த பிறந்த வீட்டு ஓட்டுக்கொட்டகையில் இருந்தாள். பெண்ணுக்கு இருபத்தோரு வயது. சுவரில் சாய்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். முடி மறுபடியும் செம்பட்டை. கையைக் கடித்துக் கடித்துத் தழும்பாகியிருந்தது. பேச்சு இல்லை.

தாய் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். “வாங்க சார். வயசாயிடுச்சே உங்களுக்கு” என்றாள்.

உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். தராசை வைத்து வழித்த கிண்ணத்தையும் குவித்த கிண்ணத்தையும் நிறுத்துக் காட்டினேன். நீங்கள் பொய் சொல்லவில்லை என்றேன். முதல் தடவையாக அவளை நீங்கள் என்றேன். அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப தெரிஞ்சுது சார் இது?”

“மூணு வாரத்துல.”

“மூணு வாரத்துல” என்று திருப்பிச் சொன்னாள். “அப்ப இவ ‘காக்கா’ சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா.”

பிறகு, “எங்க அத்தகிட்ட வந்து சொல்றீங்களா?” என்று கேட்டாள். போனோம். மாமியார்க் கிழவி கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். காது மந்தம். சத்தம் போட்டுச் சொன்னேன். பாதி புரிந்தது. அவள் மருமகளைப் பார்த்து, “சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்கியாடி? நல்லாத்தான் பேசுறான்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: “அன்னிக்கு பத்து பேரு முன்னால சொன்னீங்க. இன்னிக்கு காது கேக்காத ஒரு கிழவிகிட்ட சொல்றீங்க. பரவால்ல சார். நீங்களாவது வந்தீங்க.” அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் எழுதினேன். அது நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது, கடிதம் திரும்பி வந்தது. மருத்துவரும் காலமாகிவிட்டார். புத்தூரில் இப்போது இருக்கும் இளம் டாக்டரிடம் போய்க் கெஞ்சிப் பவுடருக்கு ஏற்பாடு செய்தேன். போன மூளை திரும்பாது, கடிப்பதும் கத்துவதும் வேண்டுமானால் குறையலாம் என்றார். அதற்காவது முயல்வோம் என்று மாதா மாதம் டின்களைச் சுமந்துகொண்டு போனேன். புது நோட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். அவள் என் கண் முன்னால் கிண்ணத்தில் அரிசி போட்டு, சுட்டுவிரலால் மெதுவாக வழித்து, வழிந்த அரிசியைப் பானையில் திரும்பப் போடுவாள். இத்தனை வருஷம் வயிறாரச் சோறு தின்ற பெண் அந்தப் பவுடரைத் துப்பினாள். டம்ளரைத் தட்டிவிட்டாள். பசியில் சோற்றுப் பானையைப் பார்த்துக் கத்துவாள். தெருவுக்கே கேட்கும்.

நான்காவது மாதம் போனபோது டின் திறக்காமல் இருந்தது. அவள் எனக்கு எதிரிலேயே அரிசியை அள்ளி அள்ளிப் போட்டாள். கிண்ணத்தின் மேல் கூம்பாக நின்றது. உலையில் கொட்டினாள். இன்னொரு தடவை அப்படியே அளந்து கொட்டினாள். சோறு வெந்ததும் ரசம் விட்டுப் பிசைந்து மகளுக்கு ஊட்டினாள். ஆட்டம் நின்றுவிட்டது. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பார்த்தபடி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

“இனிமே இவ என்ன படிக்கவா போறா? எதுக்கு சார் பட்டினி கெடக்கணும்?” என்றாள். பிறகு புது நோட்டை என் முன்னால் தள்ளினாள். “நீங்களே எழுதுங்க. தலை தட்டாம ரெண்டு கிண்ணம். சரியா எழுதுங்க.”

எழுதினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

“இனிமே வராதீங்க சார். நீங்க வந்தா அன்னிக்கு முழுக்க இவளுக்கு அளந்துதான் போடணும்னு தோணுது. அது என்னால முடியல.”

மகளின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, “அஞ்சு மணி பஸ்ஸு போயிட்டா அப்புறம் ஏழு மணிக்குத்தான். கெளம்புங்க” என்றாள். டின்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.