எல்லாரும் கைதூக்கிய மென்பொருள்

இன்று பாரிஸில், எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேநீர்க் கடையில் பேத்தியுடன் இருந்தேன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை ஆராயும் குழுவில் அவளும் ஒருத்தி. எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

மடிக்கணினியில் கூட்டம் நடந்தது. குழுவாகப் பேசவும் ஆய்வுக் கட்டுரையை எழுதவும் பழைய மென்பொருள் நல்லதா, புதியது நல்லதா என்று ஒப்பிட்டார்கள். புதியதில் எல்லாரும் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதலாமாம். பாரிஸில் இருப்பவர்கள் எல்லாரும் கைதூக்கினார்கள், பேத்தியும்தான். யாழ்ப்பாணத்தில் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுக்கும் சுகன்யாவும் தன் போனில் சேர்ந்திருந்து சிரித்துக்கொண்டே தூக்கினாள்.

கூட்டம் முடிந்ததும் சுகன்யா பேத்தியைப் போனில் அழைத்தாள்.

"அக்கா, அது என்ரை போனிலை திறக்காது. என்னட்டைக் கம்ப்யூட்டரும் இல்லை. என்ரை பகுதியை நீங்களே எழுதுங்கோ."

"அப்ப ஏன் கை தூக்கினனீர்?"

"எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. நான் எப்பிடி அக்கா வேண்டாமெண்டு சொல்லுறது?"

பேத்தி உடனே குழுத் தலைவருக்கு எழுதினாள். எல்லாரும் சம்மதித்த முடிவு, இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. எழுதாதவரின் பெயர் கட்டுரையில் வராதாம்.

"அம்மம்மா, தண்ணி முழுக்க அவள் எடுத்தது" என்றாள். அதன் பிறகு வடையைத் தொடவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கேட்கிறேன். நாலு பேர் முன்னால் "எனக்கு இது சரிவராது" என்று எங்கள் பிள்ளைகளைச் சொல்ல வைக்கிற மென்பொருள் எது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.