சாவுப் பாட்டுக்கு வேறு பேர்

மகள் செல்போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டு, "இது ரெட்ரோ" என்றாள். "ரெட்ரோவா? கிளாசிக்குடி இது" என்றார் மருமகன். பாட்டுக்குள் ஊசி உரசுகிற கரகரப்பு கேட்டதும் எனக்கு அப்பாவின் ரெக்கார்டுப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

என் அப்பா சிவாஜிநகரில் மைக் செட் வைத்திருந்தார். அவரிடம் ரெக்கார்டுகள் இரண்டே வகை: கல்யாணப் பாட்டு, சாவுப் பாட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கல்யாணத்துக்கு மஞ்சள் காகிதமும் சாவுக்கு வெள்ளைக் காகிதமும் ஒட்டி வைத்திருந்தார்.

ஒரு கல்யாணத்தன்று மழைத் தண்ணீர் பெட்டிக்குள் புகுந்து காகிதமெல்லாம் கழன்றுவிட்டது. தாலி கட்டி முடித்ததும், "யோவ் செட்டு, பாட்டு போடுய்யா! தூங்குறியா?" என்று சத்தம் வந்தது. அப்பா சாமியைக் கும்பிட்டு ஒரு ரெக்கார்டில் ஊசியை வைத்தார். 'விட்டுப் போகிறாயே' என்று ஒரு பெண் குரல் அழுதது.

மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டேய், எங்க வூட்டுக் கல்யாணத்துல சாவுப் பாட்டா?"

செட்டுக்குப் பக்கத்தில் நின்ற நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பாட்டை நிறுத்தவில்லை. மைக்கைப் பிடித்தார். "இது பொண்ணைப் பெத்தவங்க பாட்டுங்க! இன்னிக்குத்தான் புதுசா போடுறோம்!"

பெண்ணின் அம்மா ஓவென்று அழுதாள். பெண்ணும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. சித்தப்பா நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு ஜீவனஹள்ளி வரைக்கும் எல்லாக் கல்யாணத்திலும் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

"நீயே சொல்லும்மா, இது ரெட்ரோவா, கிளாசிக்கா?" என்றாள் மகள்.

"அதுக்குப் பேர் வைக்கணும்னா எங்கப்பா கையில மைக் இருக்கணும்டி" என்றேன்.