மதகு மேட்டில் நின்றுபோன கார்

காலை ஆறு பத்து. வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவி ராஜி, கையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். தெருமுனையிலிருந்து ஒரு வெள்ளை டீசல் கார் வந்துகொண்டிருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. பின்னால் மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின் சீட்டில் ஒரு பெண், கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அதற்கும் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, இரண்டு மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் நான்கு ஆண்கள். அவர்கள் தள்ளவில்லை. காரின் வேகத்திலேயே வந்தார்கள்.

நான் அப்போது திருக்காட்டுப்பள்ளியில் வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டகையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்துவந்தேன். அதற்கு முன்பு ஒரு தினசரியின் தாலுகா செய்தியாளர். பத்திரிகை ஆள்குறைப்பு செய்தபோது, பொழுதுபோக்காகக் கற்றிருந்த வேலை தொழிலாயிற்று. ஒரு ஸ்கேனர், ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், சால்டரிங் அயர்ன், இரண்டு ஜாக்கி. சென்சார், சொலினாய்டு கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இவை போதும். சொந்தக் காரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நினைக்கும் இளைஞர்கள் இப்போது அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

யார் கை வைத்தது

காரை ஓட்டி வந்தவர் நஸீர். வளைகுடாவில் சில வருடம் டிரைவராக இருந்துவிட்டு வந்து, சொந்தமாக டாக்சி வைத்திருந்தார். இறங்கியதும் என் காதருகே வந்து பேசினார்.

"சார், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. மதகு மேட்டுல ஏறி எறங்குச்சு. அப்புடியே ஆஃப் ஆயிடுச்சு. போன வாட்டியும் அதே எடம்தான். டவுனுல காட்டுனேன், பம்புல சொலினாய்டு போச்சுன்னு புதுசு மாத்துனாங்க. புதுசு போட்டும் அதே எடத்துல நிக்குதுன்னா எவனோ கை வச்சிருக்கான் சார்."

மதகு மேடு என்பது எங்கள் தெருவுக்குச் சற்று முன்னால், வாய்க்கால் மதகின் மேல் சாலை தூக்கிப் போட்டது போல உயர்ந்து இறங்கும் இடம். அதையொட்டி ஒரு தென்னந்தோப்பு. தோப்பு, அருகிலுள்ள பண்ணைக் குடும்பத்துக்குச் சொந்தம்.

பின் சீட்டில் இருந்தவர் பெயர் தேவகி. அவருடைய மாமனார் அந்தப் பண்ணையில் கூலியாள். கணவர் அதே பண்ணையின் நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். கணவர் இறந்ததும் குத்தகைப் பதிவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு தேவகி மனுப்போட்டிருந்தார். குத்தகை அவரோடு முடிந்தது, இந்த அம்மாள் சாகுபடியே செய்யவில்லை என்பது பண்ணைத் தரப்பு. தஞ்சாவூரில் விசாரணை. போன வாய்தாவுக்குப் போகும்போதுதான் கார் மதகு மேட்டில் நின்றது. தோப்பிலிருந்து ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். தொடவில்லை, திட்டவில்லை. கார் தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆனபோது விசாரணை நேரம் தாண்டியிருந்தது.

நான் கண்ணாடியைத் தட்டினேன். தேவகி விரலளவுக்குக் கதவைத் திறந்தார். நஸீரிடம்தான் கேட்டார்.

"இந்த வீட்டுக்குத் தள்ளச் சொன்னது யாரு?"

"நாந்தான்க்கா. இவரு நல்லா பாப்பாரு."

"போன வாட்டியும் நீதான் ஓட்டுன. இந்த வாட்டியும் நீதான். அதே எடத்துல நிக்கிது." அவர் குரலை உயர்த்தவில்லை. "பண்ணைக்காரன்ட்ட காசு வாங்கியிருந்தீன்னா இப்பவே சொல்லிடு தம்பி. நான் நடந்தாவது போறேன்."

நஸீரின் முகம் சுருங்கிவிட்டது. "வேற எந்த டாக்சிக்காரன் உங்கள ஏத்துனான்? சொல்லுங்க. பண்ணைக்குப் பயந்து ஒருத்தனும் வரல. நான் வந்தேன். எனக்கு இதுவும் வேணும்."

"பஸ்ஸில் போய்விடலாமே" என்று நான் சொன்னேன்.

"பஸ் ஸ்டாண்டுலயும் நிக்கிறானுவ சார்" என்றார், காரைத் தள்ளி வந்த தேவகியின் கொழுந்தன். என்னிடம் இருந்தது ஒரு மொபெட் மட்டும்.

"பத்தரைக்குப் பேரு கூப்புடுவாங்க" என்றார் தேவகி. "இந்த வாட்டியும் நான் இல்லன்னா மனுவத் தள்ளிடுவாங்களாம். எலெக்சன் வேற வருது. அப்புறம் யாரு வந்து கேப்பா? வரப்புல கால வைக்க உடமாட்டான்."

தேர்தல் வருகிற பங்குனி மாதம் அது. எங்கள் தெருச் சுவர்களில் சின்னங்கள் இன்னும் ஈரமாக இருந்தன.

மோட்டார் சைக்கிள்கள் எதிர் வீட்டு வேலியோரம் நின்றன. இப்போது அவற்றின் இன்ஜினும் அணைந்திருந்தது.

ஐந்து வோல்ட்

ஸ்கேனரைப் போட்டேன். இன்ஜின் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சிக்னல் இல்லை என்று பிழைக் கோட் வந்தது. இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கோடில் சென்சார் பெயர் வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்றுதான் பொருள்.

நஸீரை சாவி திருப்பச் சொன்னேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யத்திலேயே நின்றது. இன்ஜின் சுற்றுவது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. தெரியாதவரை அது டீசலைத் திறந்துவிடாது. டவுனில் மாற்றிய சொலினாய்டு, டீசலைத் திறக்க அந்த உத்தரவுக்காகக் காத்திருக்கும் சாமான், அவ்வளவுதான். அதன்மேல் குற்றமே இல்லை.

சென்சார் சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தேன். சாவி ஆனில் இருந்தால் ஒரு வயரில் ஐந்து வோல்ட் வரவேண்டும். வரவில்லை. வயர்க் கற்றையை மெல்ல அசைத்தேன். ஐந்து வந்தது. விட்டேன், போனது.

"வயர் கட்" என்றேன்.

கொழுந்தன் உடனே தெருவைப் பார்த்தார். "அறுத்துட்டானுவளா?"

பார்க்காமல் சொல்லக்கூடாது. உண்மையில், அறுக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினேன். அடியில் படுத்தால் எனக்கு எதிர்ச்சாரி தெரிந்தது. எட்டுக் கால்கள். அதில் இரண்டு மட்டும் சாலையைக் கடந்து வந்தன. வெள்ளை வேட்டி, கட்சிக் கரை.

பண்ணை வீட்டு மருமகன் குணசேகரன்.

ராஜி சமையலறை வாசலில் வந்து நின்று, "அவங்களுக்கும் டீ போடவா?" என்று கேட்டாள்.

"இப்ப அதுதான் முக்கியமா?" என்றேன், காருக்கு அடியிலிருந்தே.

"கொடுத்தா மூஞ்சிய ஒழுங்கா பாத்து வச்சுக்கலாம்ல" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிர்ச்சாரியில் நின்றவர்களும் வாங்கிக் குடித்தார்கள். ஒருவர், "சர்க்கரை கம்மியா இருக்குக்கா" என்றார்.

ஆக்ஸிலில் சுற்றியது

டார்ச் அடித்ததும் தெரிந்தது. சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் தண்டைச் சுற்றி, வைக்கோல் பிரிபோல முறுகி, கைப்பிடிக்கு அடங்காத தடிமனில் உளுந்துச் செடி. கல்போல இறுகியிருந்தது. புகைக்குழாய்ப் பக்கம் கருகியிருந்தது. ஆக்ஸில் சுற்றச் சுற்ற இந்தப் பட்டை மேலே போகும் வயர்க் கற்றையை உரசியிருக்கிறது. பிளேடால் அறுத்தால் செம்பு ஒரே மட்டமாக இருக்கும். இங்கே இழைகள் சப்பையாகத் தேய்ந்து, ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சமதரையில் அவை தொட்டுக்கொண்டிருக்கும். மதகு மேட்டில் ஏறி இறங்கும்போது சக்கரம் தொங்கும், வயர் இழுபடும், விட்டுப்போகும். அந்தப் பாதையில் அவ்வளவு பெரிய மேடு அது ஒன்றுதான். அதனால்தான் அதே இடம்.

எங்கள் பக்கத்தில் உளுந்தைப் பிடுங்கிக் காயவைத்து, தார்ச் சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறினால் மணி உதிர்ந்துவிடும். ஆள் வைத்து அடிக்க வேண்டியதில்லை. டிராக்டருக்கும் பஸ்ஸுக்கும் அது பொருட்டில்லை. தாழ்வான கார் அப்படியில்லை.

நான் வெளியே வந்து, பிய்த்தெடுத்த செடியை நஸீரிடம் காட்டினேன். "எங்கே ஓட்டினீர்கள்?"

அவர் செடியைப் பார்த்தார். பிறகு பின் சீட்டைப் பார்த்தார். "அக்கா! உங்க உளுந்து!"

தேவகி முதல்முறையாகக் காரைவிட்டு இறங்கினார்.

"போன வாய்தாவுக்கு முன்னாடி, போற போக்குல ஒரு தடவ ஏத்திட்டுப் போன்னு சொன்னேன்" என்றார்.

"ஒரு தடவையா? முன்னாடி வா, பின்னாடி வா, ஓரத்துல உதிரல, திருப்பு திருப்புன்னீங்க. மத்தவனெல்லாம் ஒதுங்கிப் போறான். நம்ம அக்கா உளுந்தாச்சேன்னு நானும் மாடு மாதிரி சுத்துனேன். கடைசியில காசு வாங்குனவன்னு பேரு எனக்கு!"

தேவகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. "தப்புதான் தம்பி" என்றார்.

குணசேகரன் டீ டம்ளரோடு எங்கள் அருகிலேயே குந்தியிருந்தார். கருகிய செடியில் ஒரு கொத்தை எடுத்து முகர்ந்தார்.

"கருகிப் போயிருக்கே சார். இதுல காரு எரியுமா?"

"எரியும். புகைக்குழாய் சூட்டில் பிடித்துக்கொள்ளும்."

"முழுசாவா?"

"முழுசாக."

அவர் கொத்தைக் கீழே போட்டார். "டீ நல்லாயிருந்துச்சுன்னு சொல்லுங்க" என்று எழுந்து போனார்.

தேய்ந்த பகுதியை வெட்டியெறிந்து, புது வயர் துண்டு வைத்து சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, ஆக்ஸிலுக்குத் தள்ளி உயரத்தில் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினேன். ஒரு இணைப்பை இரண்டாம் முறை செய்ய வேண்டியிருந்தது. சாவி திருப்பியதும் இன்ஜின் பிடித்தது. ஒரு நாரும் விடாமல் செடியை எடுத்து முடித்தேன்.

"நீங்களும் வாங்க சார்" என்றார் தேவகி. ராஜி என்னைப் பார்த்தாள்.

முன் சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்து உட்கார்ந்தேன். மோட்டார் சைக்கிள்கள் எங்களை முந்திக்கொண்டு சாலையை அடைத்தாற்போல் போயின. வழியில் ஒரு வாய்க்கால் பாலத்தில், நாங்கள் ஏறும் நேரத்தில் இரண்டும் நின்றன. நஸீர் பிரேக் போட்டார். முன் சக்கரம் ஏற்றத்தில், பின் சக்கரம் கீழே. கார் அப்படியே நின்றது. யாரும் இறங்கவில்லை. நான் ஆர்.பி.எம். எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பின் சீட்டில் பையின் துணி கசங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எண் கொஞ்சம் ஏறியது, இறங்கியது. பூஜ்யமாகவில்லை.

எதிரில் ஒரு டவுன் பஸ் வந்து விடாமல் ஹாரன் அடித்தது. மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கின.

பெயர் கூப்பிட்டபோது தேவகி அங்கே இருந்தார். எந்த வயலுக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர், எந்தப் போகத்தில் என்ன ரகம் என்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். தேர்தல் முடிந்து சில வாரங்களில் குத்தகைப் பதிவு அவர் பெயருக்கு மாறி உத்தரவு வந்தது.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான். சாமான் மாற்றுவதற்கு முன் வயரைப் பாருங்கள். வயரைப் பார்ப்பதற்கு முன், வண்டி எந்த வழியாக, எதன்மேல் ஓடியது என்று கேளுங்கள். யார்மேலும் சந்தேகப்படுவதற்கு முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

உத்தரவு வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நஸீர் காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தபோது அது எரிந்துபோனது. முழுசாக. காவல் நிலையத்தில் என்னையும் கூப்பிட்டு, முன்பே அந்தக் காரில் உளுந்துச் செடி சிக்கியிருந்ததா என்று கேட்டார்கள். ஆமாம், அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்றேன். அதில் முதல் பாதியை எழுதிக்கொண்டார்கள். தீக்குக் காரணம் அடியில் சிக்கிய உளுந்துச் செடி என்று வழக்கு முடிந்தது.

அது ஆனி மாதம். எங்கள் பக்கத்தில் உளுந்து சித்திரைக்குள் அடித்து முடிந்துவிடும்.