முகத்துக்குக் குறுக்கே சிவப்பு

பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் தண்ணீர் விழுந்தால் ஒரு வாடை எழும். துவர்ப்பாகத் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் பஸ் திரும்பும்போதெல்லாம் அந்த வாடை வருகிறது. பின்னாலேயே அவர் முகம் வருகிறது. முகத்துக்குக் குறுக்கே அந்தச் சிவப்பும்.

ஒடிசாக்காரர். இங்கே ஒரு உருக்காலையில் கிரேன் ஓட்டினார். மீசை முளைக்கும் வயதில் வந்தவர், இங்கேயே நரைத்துவிட்டார். நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர்; அவரோடு டீக்கடைப் பழக்கம். போன தேர்தலில்தான் அவருக்கு இங்கே முதல் ஓட்டு. எல்லோரையும் போலப் பள்ளிக்கூட வாசலில் நின்று, மை வைத்த விரலைத் தூக்கிப் படம் எடுத்து, போனில் ஸ்டேட்டஸ் வைத்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

மறுநாள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. கீழே யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள்: ஒரே ஆள், ஐந்து பூத், ஐந்து கள்ள ஓட்டு. முழித்துக்கொள் தமிழா.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. "இன்னாபா, அஞ்சு குத்து குத்துனியாமே. எங்க ஊட்டு ஓட்டையும் நீயே போட்டிருந்தா நான் வெயில்ல நின்னிருக்க மாட்டேன்ல" என்றார் டீக்கடைக்காரர்.

"ஒரு வெரலுக்கே இப்டி. கையையே காட்டிருந்தா இன்னா சொல்லிருப்பாங்கண்ணா?" என்று அவரும் சிரித்தார்.

அந்த வாரமே அவர் வாடகை வீட்டுக் கதவில் கல் விழுந்தது. வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. "உன்னச் சொல்லலப்பா. நாலு பேரு வந்து ஊட்டாண்ட கத்துனா நான் இன்னா பண்ணுவேன்? காலி பண்ணிடு." வேறு யாரும் அவருக்கு வீடு தரத் தயாராக இல்லை.

நான் போனில் அந்தப் படத்தின் மேல் புகார்ப் பொத்தானை அழுத்தினேன். மனிதர் எவரும் படித்திருக்க முடியாத வேகத்தில் பதில் வந்தது: பரிசீலித்தோம், எங்கள் விதிகளை மீறவில்லை, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஒரே நேரத்தில் நிறைய பேருக்கு அனுப்ப முடியாதபடி அந்தச் செயலியை நடத்தும் நிறுவனம் கட்டுப்பாடு வைத்திருந்தது உண்மைதான். எங்கள் ஊர்க்காரர்கள் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள்.

பிறகு எங்கள் நாளிதழின் சென்னை அலுவலகத்தில், செய்தி சரிபார்க்கும் பிரிவுக்குச் சொன்னேன். நல்ல பிள்ளைகள். அதிகாரிகளிடம் பேசி, வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்து, நேர்த்தியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜனநாயகம் என்ற சொல்கூட அதில் வந்தது. பொய்ப் படத்தைப் போடும்போது, யாரும் அதை மறுபடி பரப்பிவிடாமலிருக்க, மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போடுவது அவர்கள் வழக்கம். போட்டார்கள். நெற்றியில் தொடங்கிய கோடு தாடையில் முடிந்தது.

ஊரில் கட்டுரையை யாரும் திறக்கவில்லை. படத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். பத்திரிகையின் பெயர் இருக்கிறது, ஆளின் மூஞ்சி மேல் சிவப்புக் குறி இருக்கிறது. வேறென்ன வேண்டும்? "பேப்பர்லயே போட்டுட்டீங்க, அப்பறம் எங்களக் கேக்குறீங்களே சார்" என்றார் டீக்கடைக்காரர். அவர் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன். வருந்தினார்கள். முகத்தை விட்டுவிட்டு, அந்தப் பொய் வாசகத்தின் மேல் மட்டும் குறி வரும்படி மாற்றினார்கள். அந்தப் புதுப் படத்தை எல்லா குரூப்பிலும் நானே போட்டேன். ஒருவரும் அதை இன்னொருவருக்கு அனுப்பியதாகத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல, தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது எல்லாம்.

சில மாதங்கள் கழித்து, ஸ்டேஷனில் அவர் இரண்டு பைகளோடு நின்றிருந்தார். சென்னை போய் ஒடிசா ரயில் பிடிக்க வேண்டும். விரல் மை நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வந்திருந்தது.

"திரும்பி வருவீங்களா?" என்றேன்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "ஊர்ல எம் பொண்ணு அந்தச் செவப்புக் கோடு போட்ட படத்தப் பாத்துட்டா சார். போன்ல ஒண்ணுமே கேக்கல. அதான் பேஜாரா கீது."

மின்சார ரயில் வந்தது. ஏறி, பைகளைக் காலடியில் தள்ளிவிட்டு, வாசல் கம்பியைப் பிடித்தபடி குனிந்தார்.

"மாத்திப் போட்டீங்களே ஒரு படம், அதுல எம் மூஞ்சி மேல ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல."

"அத எனக்கு அனுப்புங்க சார். ஊட்ல காட்டணும்."