இரண்டு விரல் அகலம்

முதலில் வலி தெரியவில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை என்பதுதான் தெரிந்தது. சேற்றில் கிடந்தபடியே கடித்துப் பார்த்தேன். அது என் வாய் மாதிரியே இல்லை. பக்கத்தில் இரண்டு வாளிகளும் கவிழ்ந்து, காலையிலிருந்து எடுத்த ரப்பர் பால் முழுவதும் என் தலைமுடியில் ஊறிக்கொண்டிருந்தது.

தாடை உடைந்து, வாயைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்களும் படிக்கலாம், கெட்டுப்போகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் பெயர் அஞ்சலை. பால்மரம் சீவுகிற வேலை.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் ஆண்கள் குடையை மடக்கி, தலைத்துண்டை எடுக்க வேண்டும். பெண்கள் பாதையை விட்டு இறங்கி, அவர் கடந்து போகும்வரை ஓரத்தில் நிற்க வேண்டும். அன்று காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு முனையிலும் நிறைந்த பால் வாளிகளோடு, பால் நிறுக்கிற ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தேன். முந்தின நாள் பெய்த மழையில் ஓரமெல்லாம் வழுக்கியது. இறங்கினால் பால் கொட்டிவிடும், நின்றால் போதும் என்று நினைத்து நின்றேன். எதிரே வந்த சின்னத்துரை (பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்காரர்) கைத்தடியை ஒரு முறைதான் வீசினார். திட்டக்கூட இல்லை. அதே நடையில் போய்விட்டார்.

தோட்டத்து டிரெஸர் (காயத்துக்கு மருந்து போடுகிறவர்) என் தாடையைத் தொட்டதும் முகம் சுளித்தார். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தலையைச் சுற்றித் துணி கட்டி, மாட்டு வண்டியிலும் பிறகு ரயிலிலும் ஏற்றி, ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முடியில் பால் உறைந்து ரப்பராகிவிட்டதால் அங்கே முதல் வேலையாக என் தலையை மொட்டையடித்தார்கள். தாடைக்கு அழாத நான் அதற்கு அழுதேன்.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்தார். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் வெள்ளிக் கம்பியால் சேர்த்துப் பின்னிவிட்டார். எலும்பு அசையாமல் கூடுவதற்காக அப்படிச் செய்வார்கள். ஆறு வாரம். "ஒண்டும் கதைக்க ஏலாது, பிள்ளை" என்றார். ஏற்கெனவே விழுந்துபோன ஒரு பல்லின் சந்து வழியாக ரப்பர் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார்கள். நான் சீவிய பாலில் செய்த குழாயாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

கட்டில் தலைமாட்டில் ஒரு கத்தரிக்கோல் தொங்கும். உங்களுக்கும் தொங்கும், பயப்படாதீர்கள். குமட்டல் வந்தால் உடனே கம்பியை வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் வாந்தி வெளியேற வழியில்லாமல் மூச்சடைத்துவிடும். முதல் பத்து நாள் நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என் புருஷன் மாரிமுத்து வந்தார். கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"அஞ்சல, நான்தான் ஒன்ன அடிச்சேன்னு எழுதிக்கிட்டாங்க. கங்காணி சொல்லச் சொன்னாரு, நானும் சொல்லிட்டேன். பொண்டாட்டிய அடிச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம். தொர அடிச்சாருன்னு சொன்னா லயத்து வீட்ட விட்டே தொரத்திடுவாங்க."

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். எரிச்சல் என்னவென்றால், அவர் என்னை அடித்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கள்ளுக்கடைக்குப் போய்வந்த நாட்களில் இரண்டு மூன்று தடவை அடித்திருக்கிறார். அதனால்தான் கூலியாட்களை மேய்க்கும் கங்காணி சொல்லச் சொன்னதும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எழுதியதும் அவ்வளவு சுலபமாக முடிந்தது. ஆண்களைத் துரை அடித்தால் அவர்களுடைய திமிரைக் காரணமாக எழுதுவார்கள். அடிபட்டது பெண் என்றால், அதுவும் கூலிக்காரி என்றால், புருஷன் பெயர் தயாராக இருக்கும். ஒரு வெள்ளைக்காரியின் தாடை உடைந்திருந்தால் இப்படி யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போயிருப்பார்களா? படுத்துக்கொண்டு இதையே நினைத்தேன். நினைக்க நினைக்க உடம்பு கொதித்தது.

மறுநாள் டாக்டர் ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து, வேண்டியதை எழுதிக் கேட்கச் சொன்னார். எனக்கு எழுதத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் சிலேட்டை வாங்கித் துரைமார் போடும் தொப்பியை வரைந்தேன். கீழே ஒரு கைத்தடியையும் வரைந்தேன். அடுத்த கட்டிலில் கை முறிந்து கிடந்த சீனத்திக்கு (ஈய மண் அலசுகிறவள்) உடனே புரிந்துவிட்டது. தன் தலைக்கு மேல் ஒரு தொப்பியை வைப்பது போலச் சைகை செய்தாள்.

டாக்டர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் அதை அழித்தார்.

"நான் இதை எழுத ஏலாது, பிள்ளை. எழுதினா என்ர வேலை போயிடும்" என்றார். சிலேட்டை என் கையில் வைத்துவிட்டு, "தொழிலாளர் அதிகாரி விசாரணைக்கு வருவார். நீதான் சொல்ல வேணும். அதுக்கு வாய் திறக்க வேணும்" என்றார்.

கோழை என்று அன்று அவரை மனதுக்குள் திட்டினேன். ஆனால் கம்பியைக் கழற்றிய நாள் முதல் அவர் என்னை விடவில்லை. ஆறு வாரம் கட்டிக் கிடந்த தாடை இறுகிப்போயிருந்தது. நகம்கூட உள்ளே போகவில்லை. மெல்லிய மரச்சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே செருகச் சொன்னார். நாளுக்கு ஒரு சில்லு கூடும். கண்ணீர் கொட்டும். அதிகாரி வர ஒன்பது நாள்தான் இருந்தது. இந்தப் பயிற்சியை மட்டும் நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்ட நாள் திரும்பி வராது.

ஒன்பதாம் நாள் ஒரு விரல் அகலம் திறந்தது.

அதிகாரி வெள்ளைக்காரர். எனக்கும் அவருக்கும் நடுவே மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியேதான். புருஷன் சுவரோரம் நின்றார். டாக்டர் கதவருகே நின்றார்.

"ஒம் புருசன் அடிச்சானா?" என்று கிராணி கேட்டார்.

"அடிச்சிருக்காரு. அது வேற நாளு. அன்னைக்கு அடிச்சது சின்னத்தொர" என்றேன். சின்னத்துரையின் பெயரையும் சொன்னேன்.

கிராணி திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பெயர் எந்த மொழியிலும் பெயர்தானே. மாரிமுத்து என்ற பெயர் காதில் விழுந்தது. துரையின் பெயர் விழவில்லை. அதிகாரி எழுதத் தொடங்கினார்.

நான் எழுந்து, கிராணியைச் சுற்றிக்கொண்டு மேசை விளிம்புவரை போனேன். அதிகாரியின் முகத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னேன். கிராணி என்னை உட்காரச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். தாடை நறுக்கென்றது. எச்சில் வழிந்து மேசையில் சொட்டியது, வெட்கமாக இருந்தது. மூன்றாவது முறையும் சொன்னேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்து ஏதோ கேட்டார். டாக்டர் தரையைப் பார்த்தார்.  பிறகு ஆமாம் என்று தலையசைத்தார். அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

சின்னத்துரை ஜெயிலுக்குப் போகவில்லை. வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். எங்களை லயத்தை விட்டு வெளியேற்றினார்கள். மூட்டையைச் சுமந்துகொண்டு காம்பார் பட்டணத்துக்குப் போகிற வழியில் என் புருஷன் கேட்டார்: "தொரயச் சொன்ன, சரி. என்னை எதுக்குச் சொன்ன?"

"நீயும் அடிச்சதான மாமா" என்றேன்.

ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அவருக்கும் கம்பி கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் கை ஓங்கியது ஒரே ஒரு தடவைதான். நான் நகராமல் நின்று பார்த்தேன். கை தானாக இறங்கிவிட்டது.

எழுத்து நான் காம்பாரில் கற்றுக்கொண்டது. முடி வளர்ந்துவிட்டது. முன்பெல்லாம் விடிந்தது என்பதைத் வேலைக்கு ஆள் கூட்டும் தோட்டத்துப் பெரட்டு மணிதான் எனக்குச் சொல்லும். இப்போது கண் விழித்ததும் தாடை நறுக்கென்கிறது, அதுதான் எனக்கு விடியல். சாப்பாட்டைச் சிறு உருண்டையாகத்தான் உண்கிறேன். அதனால் எல்லோரும் எழுந்து போன பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்காக யாரும் என்னை அவசரப்படுத்த விடுவதில்லை.

காலையில் விரலை வைத்து அளந்து பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இரண்டு விரலுக்கு மேல் வாய் திறப்பதில்லை. அன்று அந்த மேசைக்கு முன்னால் ஒரு விரல்தான் திறந்தது.