மாப்பிள்ளை வீட்டு ஆள்

ஒன்பது வயதில் எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும். அதற்காக வீட்டில் வாங்கிய அடியும் கொஞ்சநஞ்சமல்ல. அப்படிப்பட்ட என்னை அம்மாவே கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்தபோது, ஏதோ பதவி உயர்வு கிடைத்ததுபோல இருந்தது.

அந்தப் பொய் அப்பாவின் காலைப் பற்றியது. அப்பா கொத்தனார். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்குப் போகும் வழியில், சந்துக்குள்ளிருந்து பின்பக்கமாக வந்த ஜல்லி லாரி அவரை வண்டியோடு சாய்த்துவிட்டது. வலது முழங்காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். ஆறு மாதம் ஆகியும் ஊன்றுகோல் இல்லாமல் நாலடி வைக்க முடியவில்லை. இனிமேல் சாரத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சாரத்தில் ஏறாத கொத்தனாரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? லாரிக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனியிடமிருந்து நஷ்டஈடு வாங்குவது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. இலவச சட்ட உதவியில் கிடைத்த ஒரு வக்கீலம்மா சிவகங்கை கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். அந்தக் கால் பழையபடி ஆகாது என்று கோர்ட்டு நம்பினால்தான் எங்களுக்குச் சோறு.

சரியாக அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஒக்கூரிலிருந்து வரன் வந்தது. நல்ல இடம், விட மனசில்லை. பெண்ணைப் பெற்றவர் காலொடிந்து கிடக்கிறார் என்றால் யார் துணிந்து வருவார்கள்? அதனால் லேசான அடி, ஆறிவிட்டது என்று தரகரை விட்டுச் சொல்ல வைத்திருந்தார் அம்மா. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் முகம் தெரியாத ஆள் ஒருவரை அனுப்பி நோட்டம் பார்ப்பார்கள். அவர் தண்ணீர் கேட்பார், நாலு வார்த்தை பேசுவார், போய்விடுவார். வந்தவர் யாரென்று பிறகுதான் தெரியவரும்.

ஆக, ஒரே காலுக்கு இரண்டு கதை. சிவகங்கையில் அது நடக்க முடியாத கால். ஒக்கூருக்கோ ஓடுகிற கால். பெரியவர்கள் இரண்டையும் கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனியிலிருந்தும் ஆள் வந்து விசாரிப்பார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருந்ததெல்லாம் என் காதுக்கு வரவில்லை. எனக்குக் கிடைத்தது ஒக்கூர்க் கதை மட்டும்.

“தெரியாத ஆளு யாரு வந்து கேட்டாலும், அப்பா நல்லா இருக்காக, நல்லா நடக்குறாகன்னு சொல்லணும். கம்பு வெளிய கெடந்தா எடுத்து ஒளிச்சு வச்சிரணும். வெளங்குதா?” என்றார் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் அக்காவும் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். அப்பா உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தார். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. தேய்த்த பேண்ட், கையில் ஹெல்மெட், சிரித்த முகம்.

“பாப்பா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

தண்ணீர் கேட்டுவிட்டார், அவரேதான். அப்பாவின் ஊன்றுகோல் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. பாவாடையை விரித்து அதை மறைத்தபடி பின்னால் நகர்ந்து, காலாலேயே பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். அது தரையில் உரசிய சத்தம் ஊருக்கே கேட்டதுபோல இருந்தது. விருந்தாளிக்கென்று வைத்திருந்த பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

“அப்பாவுக்குக் கால்ல அடியாமே? இப்ப எப்படி இருக்கு?”

“அதெல்லாம் சரியாப் போச்சு. நேத்துக்கூட கோட்டையூருக்கு நடந்தே போயிட்டு வந்தாக.”

கோட்டையூரை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அது என் கைச்சரக்கு.

“நடந்தேவா!” என்றார் அவர், சந்தோஷமாக. “அப்ப அவரை ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்.”

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அப்பா உள்ளே, ஊன்றுகோல் வெளியே, பெஞ்சுக்கு அடியில். எடுத்துக் கொடுத்தால் அக்காவின் கல்யாணம் போச்சு. கொடுக்காவிட்டால் அப்பா எப்படி வருவார்? “அப்பா, ஆளு வந்திருக்காக” என்று குரல் கொடுத்துவிட்டு, எல்லாச் சாமியையும் ஒன்றாகக் கூப்பிட்டேன்.

கட்டில் கிறீச்சிட்டது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அப்பா அறைவாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அப்பா நிலையிலிருந்து கையை எடுத்தார்.

ஆறடி வைத்தார். ஒவ்வொரு அடியையும் நான் எண்ணினேன். நாலாவது அடியில் அவர் உதடு வெளுத்துப்போனது. ஆறாவது அடியில் என்னிடம் வந்து சேர்ந்து என் தோளில் கையை வைத்தார்.

“வாங்க. வெயில்ல வந்திருக்கீக, உக்காருங்க.”

“இருக்கட்டும் ஐயா. ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேன்” என்று அவர் செல்போனைத் தூக்கினார். ஒக்கூரில் காட்டத்தான் என்று நினைத்து, விழுந்த பல் தெரியச் சிரித்தேன். அப்பாவின் விரல்கள் தோளுக்குள் இறங்கின. பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நல்லாச் சொன்னேனாப்பா?”

“நல்லாச் சொன்ன தாயி” என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அடுத்த மாதம் வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டுச் சிவகங்கையிலிருந்து திரும்பிய அம்மாவின் முகம் சரியாக இல்லை. வந்தவர் ஒக்கூர் ஆளே இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள். மனுதாரர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார், கோட்டையூர்வரை போய்வருகிறார் என்று அறிக்கை எழுதி, படத்தையும் சேர்த்துக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்களாம். அம்மா கையை ஓங்கினார்.

“நீதானம்மா சொல்லச் சொன்ன” என்றேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளிருந்து அப்பா சொன்னார், “புள்ளைய வையாத. நானும் ஒக்கூர் ஆளுன்னுதேன் நெனைச்சேன். எனக்கே தெரியலைல்ல.”

தப்பில் பாதியை அப்பா வாங்கிக்கொண்டது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

விசாரணையன்று தேவைப்பட்டால் கூப்பிடலாம் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். கோர்ட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போதும் செத்துச் செத்துப் பிழைத்தேன். என்னைக் கூப்பிடவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அப்பா ஊன்றுகோலோடு வெளியே வந்து, எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

நீதிபதி டாக்டர் சொன்னதையே எடுத்துக்கொண்டார். கேட்டதைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். ஒக்கூர்க்காரர்களோ பள்ளத்தூர் பஸ் ஸ்டாப் டீக்கடையிலேயே எல்லாவற்றையும் விசாரித்துவிட்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அம்மா அப்பாவுக்கென்று மூட்டுவலித் தைலம் கொண்டுவந்தார். அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

போன வருஷம் வக்கீலம்மா அலுவலகத்தை மாற்றும்போது, பழைய வழக்குக் கட்டுகளைக் கட்சிக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார். எங்கள் வழக்குக் கட்டுக்குள் அப்பாவின் குறுக்கு விசாரணை இருந்தது. கேள்வியையும் பதிலையும் ஒன்றாகச் சேர்த்து எழுதும் கோர்ட்டுத் தமிழில், பக்கத்தின் அடியில் அப்பாவின் கையெழுத்தோடு.

“அன்று வந்தவரை எனக்கு முன்பே தெரியும் என்றால் சரிதான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கம்பெனியிலிருந்து வந்து பார்த்திருக்கிறார். தெரிந்தும் ஏன் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்தேன் என்றால், என் மகள் அவரிடம் நான் நடப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் முன்னால் என் பிள்ளை பொய்க்காரியாக நிற்க வேண்டாம் என்று வந்தேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் நான் சொன்ன புகார் ஒன்றே ஒன்றுதான். படம் பிடிக்கும்போது அப்பா என் தோளை அப்படிப் போட்டு அழுத்தியிருக்க வேண்டாம்.