யாருக்கும் வராத படம்

இன்று தையல்கடை செல்வி அக்காவோடு சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுக்கப் போயிருந்தேன்.

ஒரு கடன் ஆப்காரன் அக்காவின் முகத்தை வேறொரு நிர்வாண உடம்பில் ஒட்டி, அவர் போனில் இருந்த எல்லா எண்களுக்கும் போன வாரம் அனுப்பிவிட்டான். தனக்கு வந்ததை அக்கா பதறிப்போய் அழித்துவிட்டார்; எனக்கு வந்ததையும் அவர் சொல்லி அழித்துவிட்டேன். அன்றிலிருந்து கடைக்கு ஆள் வருவதில்லை.

"அனுப்புன நம்பர் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் இருந்தா ஆளைத் தேட வசதியா இருக்கும். படம் வந்தவங்க யார்கிட்டயாச்சும் வாங்கிட்டு வாங்க" என்றார் புகாரை வாங்கிய பெண் போலீஸ்.

ஊரே பார்த்த படம். ஒருவர் கூடவா தரமாட்டார் என்று நினைத்தேன்.

ஸ்டேஷன் வாசலில் நின்றே அக்கா ஸ்பீக்கரில் பேசினார். முதலில் எதிர்வீட்டு டீச்சர்.

"எனக்கு அப்படி எதுவும் வரலையேம்மா."

படம் பரவிய மறுநாளே, தைக்கக் கொடுத்த துணியை வெட்டும் முன்பே திருப்பி வாங்கிப்போனவர் இவர்.

அடுத்து துணிக்கடைக்காரர். "எம் போன்ல நெட்டே இல்லத்தா." அக்கா அழைத்திருந்தது வாட்ஸ்அப்பில்.

கடைசியாக அக்காவின் சித்தப்பா மகன். "பாத்த ஒடனே அழிச்சுட்டேன்க்கா. ஒடம்பு ஒன்னோடது இல்லைன்னு நான்தான் எல்லார்ட்டயும் சொன்னேன்."

அக்கா போனை வைத்தார். "உத்துப் பாத்துருக்கான்" என்றார்.

ஸ்கிரீன்ஷாட் இல்லாமலே புகாரைப் பதிந்துகொண்டார்கள். கிடைத்ததும் கொண்டுவரச் சொன்னார்கள்.

நம் ஊரில் அந்தப் படம் வந்த ஒரே ஒரு ஆள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன்.